காதல் நகைச்சுவை ஒப்பீட்டுப் பிரிவு

மக்களுக்குக் காதலும் சிரிப்பும் தேவை என்பதை அரசாங்கம் கொஞ்சம் தாமதமாகத்தான் உணர்ந்தது. உணர்ந்த கையோடு ஒரு விருதை அறிவித்தது. புதுச்சேரி எல்லைக்குள் படம்பிடிக்கப்பட்ட சிறந்த காதல் நகைச்சுவைப் படைப்புக்கு ஆண்டுதோறும் ஒரு வெள்ளிக் கேடயமும் ஒரு சால்வையும். படைப்பு என்று போட்டார்களே தவிர சினிமாவா, டிவி சீரியலா என்று போட மறந்துவிட்டார்கள். மறந்துவிட்டோம் என்று சொல்லும் வழக்கம் அலுவலகங்களில் இல்லாததால், அது கொள்கை முடிவு என்று ஆகிவிட்டது.

விருதுக்கு இரண்டு விண்ணப்பங்கள் வந்தன. ஒன்று ‘தண்ணி வந்தா சொல்லு’ என்ற சினிமா. தயாரித்தவர் எழிலரசன். இன்னொன்று, வாரநாட்களில் மாலை ஏழரை மணிக்கு வரும் ‘கீழ்வீடு காலி இல்லை’ என்ற சிரிப்பு சீரியல். தயாரித்தவர் வெற்றிவேல்.

இரண்டிலும் ஒரே கதை. மாடியில் ஒரு பையன் குடிவருகிறான். கீழ்வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்சன் வாங்கும் சொல்தா. எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் ‘நோன்’, அதாவது முடியாது, என்பார். தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் கீழே இருக்கிறது, டேங்க் மேலே இருக்கிறது. மோட்டாரை யார் போடுவது, டேங்க் நிரம்பியதை யார் சொல்வது என்று பையனும் பெண்ணும் சண்டை போடுகிறார்கள். சண்டை காதலாகிறது. சினிமாவில் இது இடைவேளைக்குள் ஆகிவிடும். சீரியலில் இன்னும் ஆகிக்கொண்டிருந்தது.

எழிலரசன் தன் விண்ணப்பத்தோடு, வெற்றிவேல் தன் கதையைத் திருடிவிட்டதாக ஒரு புகாரை இணைத்திருந்தார். வெற்றிவேலும் அதே புகாரை, பெயர்களை மட்டும் மாற்றி, இணைத்திருந்தார். ஆகவே இரண்டையும் ஒப்பிட்டு, எது மூலம், எது நகல், எது மேல் என்று தீர்மானிக்க, ‘காதல் நகைச்சுவை ஒப்பீட்டுப் பிரிவு’ என்று ஒரு பிரிவு தொடங்கப்பட்டது.

அதற்குத் தலைவராகத் துணை இயக்குநர் பலராமன் நியமிக்கப்பட்டார். காதலிலும் சரி, நகைச்சுவையிலும் சரி, அவருக்கு விருப்பு வெறுப்பு எதுவும் இருந்ததாக யாருக்கும் தெரியாது. அதுவே தகுதியாகக் கொள்ளப்பட்டது. பிரிவில் அவருக்குக் கீழே இரண்டு எழுத்தர்கள். தவளக்குப்பத்துப் பக்கம் விவசாயக் குடும்பத்திலிருந்து தினமும் கடலூர் ரோட்டில் பைக்கில் வரும் இளம்பரிதி ஒருவன். முதலியார்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வரும் சுமலதா இன்னொருத்தி. அவள் அப்பா சாமிக்கண்ணு மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடியதும் ஒரு துணிக்கடை வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறார்.

இளம்பரிதியும் சுமலதாவும் சில வருடங்களாகக் காதலித்துக்கொண்டிருந்தார்கள். இது ஆபீசில் யாருக்கும் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருக்கும்போது ‘சார்’, ‘மேடம்’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

முதல் நாள் பலராமன் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“படத்தையும் சீரியலையும் ரெண்டையும் ஒருத்தரே பார்த்து ஒப்பிட்டா என்ன ஆகும், சொல்லுங்க.”

“ஒப்பீடு சரியா வரும் சார்” என்றான் இளம்பரிதி.

“பாரபட்சம் வரும். ரெண்டுல ஒண்ணு அவருக்குப் பிடிச்சுப் போயிடும். அப்புறம் எப்படி நடுநிலையா எழுதுவாரு? அதனால படத்தை நீங்க பாருங்க. சீரியலை சுமலதா பாக்கட்டும். படத்தைப் பார்த்தவர் சீரியலைப் பார்க்கக் கூடாது. சீரியலைப் பார்த்தவர் படத்தைப் பார்க்கக் கூடாது.”

“அப்ப ஒப்பிடறது யாரு சார்?” என்று சுமலதா கேட்டாள்.

“நான்.”

“நீங்க எதைப் பாப்பீங்க சார்?”

“நான் ரெண்டையும் பார்க்கமாட்டேன். அதனாலதான் என்னைத் தலைவராப் போட்டிருக்காங்க.”



இளம்பரிதி அரசுச் செலவில் படத்தைப் பார்த்துவிட்டு வந்தான். சுமலதா அரசு நேரத்தில் சீரியலைப் பார்த்தாள். வாரம் ஒருமுறை பலராமன் முன்னால் இருவரும் தாங்கள் பார்த்ததைச் சொல்ல வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கேட்டுவிட்டு விளக்கம் கோருவார்.

முதல் விளக்கம் படத்தின் முக்கியமான காட்சி பற்றியது. கதாநாயகன் கோரிமேட்டில் கதாநாயகியோடு நடந்துகொண்டே காதலைச் சொல்கிறான்.

“எந்தப் பக்கமா நடக்கறான்?” என்று பலராமன் கேட்டார்.

“திண்டிவனம் பக்கமா சார்.”

“அங்க நம்ம எல்லை முடியுதே. எல்லையைத் தாண்டிடறானா?”

இளம்பரிதி யோசித்துப் பார்த்தான். “தாண்டிடறான் சார். ‘நான் உன்னை’ன்னு சொல்றப்ப பின்னாடி நம்ம ஊர் ஒயின் ஷாப் தெரியுது. ‘காதலிக்கிறேன்’னு சொல்றப்ப தமிழ்நாடு அரசு உங்களை வரவேற்கிறதுன்னு போர்டு தெரியுது.”

பலராமன் கண்ணைத் திறந்தார். “அப்ப காதல் நடந்தது தமிழ்நாட்டில. நம்ம எல்லைக்குள்ள நடந்தது ‘நான் உன்னை’ மட்டும்தான். வெறும் ‘நான் உன்னை’க்கு எப்படி விருது குடுக்கறது? அடிதடிக்கும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க.”

அதோடு விடவில்லை. அந்தக் காட்சியில் மழை பெய்கிறது, இருவரும் ஒரே குடையில் நனைகிறார்கள், அதனால்தான் கதாநாயகி மனம் மாறுகிறாள் என்று இளம்பரிதி சொல்லியிருந்தான். படப்பிடிப்பு நடந்த தேதியில் மழை பெய்ததா என்று வானிலை அலுவலகத்துக்குக் கேட்டு எழுதினார்கள். பெய்யவில்லை என்று பதில் வந்தது. மழை பெய்யாத நாளில் மழையில் நனைந்து உண்டான காதல் செல்லத்தக்கதா என்பது குறித்து சட்டக் கருத்து கேட்கப்பட்டது.

அடுத்து சீரியலின் முறை.

“ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னாடி நிறையப் பேர் சிரிக்கிற சத்தம் வருது சார்” என்றாள் சுமலதா.

“யார் அவங்க?”

“யாருன்னு காட்டமாட்டாங்க சார். சத்தம் மட்டும் வரும்.”

“அனுமதி விண்ணப்பத்துல நடிகர்கள் இத்தனை பேர்னு போட்டிருக்காங்களே. இவங்க அந்தக் கணக்குல வர்றாங்களா? சிரிச்சவங்களோட பேரு, விலாசம், ஆதார் நகல் கேட்டு எழுதுங்க.”

வெற்றிவேல் பதில் எழுதினார். அது விலைக்கு வாங்கிய சிரிப்பு என்றும், ஏதோ வெளிநாட்டில் எப்போதோ பதிவு செய்தது என்றும், சிரித்தவர்களில் பலர் இப்போது உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்றும் அதில் இருந்தது.

பலராமன் கடிதத்தை மேசையில் வைத்தார். 

“இறந்து போனவங்க சிரிக்கறதுல தப்பு இல்ல. ஆனா அந்தச் சிரிப்பு சட்டப்படி வாரிசுகளுக்குச் சேரும். வாரிசு சர்டிபிகேட் வாங்கித் தரச் சொல்லுங்க.”

ஆபீஸ் நிலைமை இப்படி இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இளம்பரிதி ஒரு சீப்பு பழத்தையும் தைரியத்தையும் எடுத்துக்கொண்டு சுமலதா வீட்டுக்குப் பெண் கேட்கப் போனான். சுமலதாவே காபி கொடுத்தாள். அப்பா சாமிக்கண்ணு அன்பாகத்தான் பேசினார். அம்மா தனக்கொடியும் அன்பாகத்தான் பேசினாள். ஆபீசில் என்ன வேலை என்று கேட்டபோதுதான் வினை வந்தது.

“‘தண்ணி வந்தா சொல்லு’ படத்தையும் ‘கீழ்வீடு காலி இல்லை’ சீரியலையும் ஒப்பிட்டுப் பாக்கறோம் மாமா. எது பெஸ்ட்டுன்னு அறிக்கை குடுக்கணும்” என்றான் இளம்பரிதி பெருமையாக.

சாமிக்கண்ணு நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதுல ஒப்பிட இன்னா இருக்கு? படம்தான். நான் மூணு தபா பாத்துட்டேன். வந்தான், சண்டை போட்டான், கடைசில ரயில்வே ஸ்டேஷனுக்கு ஓடியாந்து அந்தப் பொண்ணு கையப் புடிச்சான், முடிஞ்சுது. வீட்டுக்கு வந்து நிம்மதியா தூங்கலாம். கதைன்னா முடியணும் தம்பி.”

“எதுக்கு முடியணும்?” என்றாள் தனக்கொடி சமையல்கட்டிலிருந்து. “படத்துல வர்றவன் ஒரு நாள் வந்துட்டுப் போயிடறான். அப்புறம் அந்தப் பொண்ணை வச்சு ஒழுங்கா குடும்பம் பண்ணினானா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? சீரியல்ல வர்ற புள்ள தெனமும் ஏழரைக்கு டாண்ணு நம்ம வீட்டுக்கு வருது. ஒடம்பு சரியில்லாம நான் படுத்திருந்தப்ப இந்த மனுசன் எட்டிப் பார்க்கல, அந்தப் புள்ள வந்துச்சு.”

“அது டிவில வந்துச்சுடி.”

“எதுல வந்தா இன்னா? வந்துச்சா இல்லையா?”

“ரெண்டு பேரும் மாடிக்கும் கீழுக்கும் நடந்துகிட்டே இருக்காங்க. ஒரு போன் பண்ணிக் கேட்டா தீர்ந்து போற சந்தேகத்தை ஆடியில ஆரம்பிச்சுத் தை வரைக்கும் இழுக்கறான்.”

“நம்ம கல்யாணத்தப்ப உங்க அக்கா இன்னா சொன்னாங்கன்னு நான் கேட்டதுக்கு இன்னிக்கி வரைக்கும் நீ பதில் சொல்லலியே. அது மட்டும் கொஞ்ச நாளா?”

இளம்பரிதி காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தான். பேச்சு முற்றியது. கடைசியில் சாமிக்கண்ணு தீர்ப்பு சொன்னார்.

“தம்பி, பொண்ணு குடுக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. படம்தான் பெஸ்ட்டுன்னு எழுதிட்டு வாங்க.”

தனக்கொடி கரண்டியோடு வெளியே வந்தாள். “சீரியலைக் கொறை சொல்லி ஒரு வரி எழுதினாலும் இந்த வாசப்படி ஏறக் கூடாது தம்பி. பழத்தை மட்டும் வச்சிட்டுப் போங்க.”

தெருமுனை வரை சுமலதா கூட வந்தாள். இளம்பரிதி பைக்கைத் தள்ளிக்கொண்டே நடந்தான். படம் பார்த்ததிலிருந்து அவனுக்கு அவசரம் அதிகமாகியிருந்தது.

“சுமா, பேசாம ஓடிப் போயிடலாம். ஸ்டேஷனுக்குப் போலாம் வா.”

“சாயங்கால ரயில் போயிடுச்சு. இனி காலைலதான். அதுக்கு எதுக்கு ஓடணும், சாப்பிட்டுட்டு நடந்தே போலாமே.”

“நீ சொல்லு, வேற இன்னா பண்றது?”

“சீரியல்ல இதுக்கு ஒரு வழி இருக்கு. யாரும் யாருகிட்டயும் எதையும் உடைச்சுச் சொல்லக் கூடாது. அப்ப கதை வருசக்கணக்கா ஓடும்.”

“நம்மது அப்படித்தானே ஓடுது.”

 பிரிவு தரப்போகும் அறிக்கைதான் இதற்கு முடிவு என்று அவனுக்குத் தெரிந்ததை சுமலதாவும் சொல்லி என்ன ஆகப் போகிறது. பைக் ஸ்டார்ட் ஆகும் வரை நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். உள்ளே சண்டை தொடர்ந்துகொண்டிருந்தது.

அறிக்கை எழுதும் கட்டம் வந்தது. அதற்கு முன் இரு தரப்பையும் நேரில் விசாரிக்க வேண்டும் என்று பலராமன் உத்தரவிட்டார். எழிலரசன் வந்தார். வெற்றிவேல் வந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

“கதையை எழுதினது யாரு?” என்று பலராமன் எழிலரசனைக் கேட்டார்.

“எங்க கதாசிரியர் சார். வெளியில நிக்கறாரு.”

“உங்க கதையை எழுதினது யாரு?” என்று வெற்றிவேலைக் கேட்டார்.

“எங்க கதாசிரியர் சார். அவரும் வெளியிலதான் நிக்கறாரு.”

“ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க.”

ஒருவர்தான் வந்தார். ஒல்லியாக, தோளில் ஒரு பையோடு, கனகசெட்டிக்குளத்திலிருந்து பஸ் பிடித்து வந்த களைப்போடு இருந்தார். பெயர் அம்மாவாசை என்றார். இன்னொருவர் எங்கே என்று பலராமன் கேட்டதற்கு, இன்னொருவரும் நான்தான் என்றார்.

எழிலரசனும் வெற்றிவேலும் அப்போதுதான் முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஒரே கதையை ரெண்டு பேருக்கு வித்தீங்களா?” என்றார் பலராமன்.

“வித்தேன் சார். ரெண்டு பேரும் கடைசித் தவணை தரல. அதனால முழுசா வித்ததா சொல்லமுடியாது.”

“எந்தக் கதையிலேருந்து எந்தக் கதையை எடுத்தீங்க?”

“ரெண்டையும் இந்த ஆபீஸ்லேருந்து எடுத்தேன் சார்.”

 அம்மாவாசை பையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். எங்க ஊர் கடற்கரையில் ஒரு குறும்படம் எடுக்க அனுமதி கேட்டு இந்த ஆபீசுக்கு வந்தேன். நாளைக்கு வாங்க என்றார்கள். வந்தேன். நாளைக்கு வாங்க என்றார்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். அனுமதி வரவில்லை, ஆனால் கதை வந்தது. அப்போது மாடி செக்சனில் ஒரு தம்பி இருந்தார். கீழ் செக்சனில் ஒரு பாப்பா இருந்தாங்க. மோட்டார் சுவிட்ச் கீழே, டேங்க் மேலே. மாடியில் தண்ணி இல்லை என்று தம்பி கீழே வந்து கத்துவார். மாடியிலிருந்து எழுத்து மூலமாக உத்தரவு வந்தால்தான் மோட்டார் போடுவேன் என்று பாப்பா சொல்வாங்க. தம்பி எழுதிக்கொண்டு வருவார். அதில் ஒரு எழுத்துப் பிழையைப் பிடித்துத் திருப்பி அனுப்புவாங்க. கொஞ்ச நாளில் தம்பி வேண்டுமென்றே பிழை விட ஆரம்பித்தார்.

இளம்பரிதி ஜன்னலைப் பார்த்தான். சுமலதா துப்பட்டாவின் நுனியைப் பார்த்தாள்.

“அந்த சொல்தா வீட்டுக்காரர்?” என்று வெற்றிவேல் மெதுவாகக் கேட்டார். “எதைக் கேட்டாலும் முடியாதுன்னு சொல்வாரே?”

அம்மாவாசை பலராமனைப் பார்த்தார். பார்த்துவிட்டு, “அது கற்பனைங்க” என்றார்.

“அப்ப ஏன் ஒண்ணு முடியுது, ஒண்ணு முடியல?” என்று இளம்பரிதி தன்னை மறந்து கேட்டுவிட்டான்.

“படக்காரரு ரெண்டேகால் மணி நேரத்துல முடிக்கணும்னாரு தம்பி. அதனால என்ன நடக்கணுமோ அதை எழுதினேன். சீரியல்காரரு முடிக்கவே கூடாதுன்னாரு. அதனால என்ன நடக்குதோ அதை எழுதறேன். நீங்க சீக்கிரம் கல்யாணம் பண்ணிக்கிட்டீங்கன்னா எனக்குத்தான் கஷ்டம்.”

இப்படியாக அவர்களுடைய காதல் அரசுக்கு முறைப்படி தெரியவந்தது. பலராமன் கோபப்படவில்லை. அவர் முகத்தில், யாரும் இதுவரை பார்த்திராத ஓர் ஒளி பரவியது.

“அதாவது, கதை நடந்தது அரசுக் கட்டடத்துல. நேரம் அரசு நேரம். மோட்டார் அரசு மோட்டார். காதலிச்சவங்க அரசு ஊழியர்கள். அப்படின்னா மூலப் படைப்பு யாருடையது?”

அவரே பதிலையும் சொன்னார்.

“அரசுடையது. படமும் நகல், சீரியலும் நகல். மூலம் இந்த அலுவலகம். விருதும் இந்த அலுவலகத்துக்குத்தான்.”

எழிலரசனும் வெற்றிவேலும் சேர்ந்து ஒரே ஆட்டோவில் திரும்பிப் போனார்கள். போகும்போது, இதையே வைத்து என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டு போனதாகக் கேள்வி.

செய்தி முதலியார்பேட்டைக்கு எட்டியபோது வீட்டில் சண்டை நின்றது. சாமிக்கண்ணு இளம்பரிதியை வரவழைத்து ரொம்ப நேரம் மேலும் கீழும் பார்த்தார்.

“அப்ப அந்தப் படத்துல வர்ற ஹீரோ நீங்கதானா தம்பி?”

“ஆமாம் மாமா.”

“அவன் ஆறடி இருந்தான்.”

தனக்கொடிக்கும் வருத்தம்தான். “சீரியல்ல அந்தப் புள்ள கீழ்வீட்டுப் பொண்ணோட அம்மாவுக்குக் காலு அமுக்கி விடும்” என்றாள். ஆனாலும், தான் மூன்று தபா பார்த்தது தன் மகளைத்தான் என்பதில் அவருக்கும், தினமும் ஏழரைக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது தன் மருமகன்தான் என்பதில் அவளுக்கும் உள்ளூரப் பெருமை. படமும் தோற்றது, சீரியலும் தோற்றது, ஆகவே இருவரில் யாரும் மற்றவரிடம் தோற்கவில்லை. ஆவணியில் நாள் பார்த்தார்கள். மணக்குள விநாயகர் கோயிலில் கல்யாணம் நடந்தது. தாலி கட்டும்போது சாமிக்கண்ணு, “முடிஞ்சுது” என்றார். “இனிமேதான்” என்றாள் தனக்கொடி.

கல்யாணத்துக்கு அடுத்த வாரம் கடற்கரையோரம் பந்தல் போட்டு விருது விழா. ஊரே வந்தது, அனுமதி இலவசம். விருதை வழங்கியவர் பலராமன். பெற்றுக்கொண்டவரும் பலராமன். வழங்கும்போது மேடையின் இடப்பக்கமும் வாங்கும்போது வலப்பக்கமும் நின்றார். சால்வையைத் தானே போட்டுக்கொள்வது முறையல்ல என்பதால் சுமலதாவைப் போடச் சொன்னார்.

பிறகு, மூலப் படைப்பின் சிறப்பை மக்கள் அறிய வேண்டும் என்று, பிரிவின் நடவடிக்கைக் குறிப்புகளை மைக்கில் வாசித்தார். கோரிமேட்டு எல்லையில் ‘நான் உன்னை’யோடு நின்றுபோன காதலை வாசித்தார். கூட்டத்தில் யாரோ ஒருவர் களுக்கென்றார். மழையில்லா மழைக்காதல் பற்றிய சட்டக் கருத்தை வாசித்தார். முன்வரிசை குலுங்கியது. இறந்தவர்களின் சிரிப்புக்கு வாரிசு சர்டிபிகேட் என்ற இடத்தில் பந்தலே அதிர்ந்தது. சாமிக்கண்ணு சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. தனக்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியவில்லை. மேடையில் நின்ற சுமலதா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளைப் பார்த்து இளம்பரிதி சிரித்தான்.

பலராமன் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார்.

“எதுக்குச் சிரிக்கறாங்க?” என்று கேட்டார்.

அதற்குள் அவருக்கே பதில் கிடைத்துவிட்டது. மறுநாள் காலை ஆபீசுக்கு வந்ததும் ஓர் உத்தரவு போட்டார். மேற்படி நகைச்சுவை அரசுச் சொத்து என்று தீர்மானிக்கப்பட்டுள்ளது. அரசுச் சொத்தைப் பொதுமக்கள் முன் அனுமதியின்றி அனுபவித்துள்ளார்கள். ஆகவே விழாவில் சிரித்தவர்கள் அனைவரும் சிரிப்பு நுகர்வுக் கட்டணம் செலுத்த வேண்டும். சிரிக்காதவர்கள், தாங்கள் சிரிக்கவில்லை என்று ஸ்டாம்ப் பேப்பரில் உறுதிமொழி எழுதி, நோட்டரி கையெழுத்தோடு நேரில் தர வேண்டும்.

கட்டணம் கட்டினால் சிரித்ததாக ஆகிவிடும். சிரித்ததாக ஆகிவிட்டால் நாளைக்கு பட்டாவுக்கோ, ரேஷன் கார்டுக்கோ, மகன் வேலைக்கோ இதே கட்டடங்களின் படியேற வேண்டியிருக்கும்போது என்ன சொல்வது? ஊர் யோசித்தது. யோசித்துவிட்டு, ஸ்டாம்ப் பேப்பர் வாங்கப் போனது.

வரிசை வராந்தாவைத் தாண்டி, தெருவைத் தாண்டி, வாய்க்கால் வரை நின்றது. ஒருவர் தான் அப்போது கொட்டாவி விட்டதாக எழுதினார். இன்னொருவர் வேர்க்கடலை புரையேறியதாக எழுதினார். ஒரு வாத்தியார், பக்கத்திலிருந்தவர் சிரித்ததைக் கண்டித்துத் தான் எழுப்பிய ஒலி அது என்று எழுதினார். எழிலரசனும் வெற்றிவேலும் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்தார்கள். யாரிடமிருந்து யார் எடுத்தது என்று தெரியவில்லை. அம்மாவாசை, தான் அழுததாக எழுதினார். பலராமன் அதை மட்டும் சந்தேகமில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

உறுதிமொழி தரக் கடைசி நாளுக்கு முந்தின நாள் சாமிக்கண்ணு இரண்டு ஸ்டாம்ப் பேப்பரோடு வந்து மகளையும் மருமகனையும் எதிரில் உட்காரவைத்தார்.

“நாங்க ரெண்டு பேரும் போட்டாச்சு. எனக்குப் பல்லு வலி, வாயை மூட முடியலன்னு போட்டேன். உங்க அம்மாவுக்கு விக்கல். நீங்களும் ஏதாவது ஒண்ணைப் போட்டுடுங்க தம்பி. கவர்ன்மென்ட் வேலை.”

சுமலதா பேனாவை எடுத்தாள். எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“எழுதும்மா” என்றாள் தனக்கொடி.

“எப்படிம்மா எழுதறது? என் கதைக்கு என் ஊரே சிரிச்சுது. நான்தான் அதிகமா சிரிச்சேன். அந்த ஆபீஸ்ல சேர்ந்ததுலேருந்து நான் வாய்விட்டுச் சிரிச்சது அன்னிக்குத்தான். அதைப் போய் இல்லேன்னு எழுதச் சொல்றீங்களா?”

“எல்லாருந்தான் எழுதறாங்க.”

“எழுதட்டும்.”

சுமலதா ஒரே வரி எழுதினாள்: நான் சிரித்தேன். கீழே கையெழுத்துப் போட்டாள். கட்டணம் எவ்வளவு என்று தெரிவித்தால் கட்டிவிடுகிறேன் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

எல்லோரும் இளம்பரிதியைப் பார்த்தார்கள். பணியில் சேர்ந்த நாளிலிருந்து ‘எனத் தெரிகிறது’, ‘எனக் கருத இடமுண்டு’ என்று முடியாத ஒரு வாக்கியத்தை அவன் எழுதியதில்லை. பேப்பரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். மாமனார் அவன் கையைப் பிடிக்கப் பார்த்தார். அவன் எழுதி முடித்துவிட்டான்: நானும் சிரித்தேன். என் மனைவி சிரிப்பதைப் பார்த்து.

தனக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டே, “சீரியல்லகூட இப்படி வரல” என்றாள். சாமிக்கண்ணு, “படத்துலயும் வரலடி” என்றார். அவர்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

பலராமன் அந்த இரண்டு பேப்பர்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுப்பவர்களுக்கு வழி இருந்தது. பிடிபடுபவர்களுக்கு வழி இருந்தது. தானாக வந்து ஆமாம் என்று சொல்கிறவர்களுக்கு விதிகளில் எங்கேயும் இடம் ஒதுக்கவில்லை. கட்டணம் எவ்வளவு என்று நிர்ணயிக்கவும் இல்லை. யாரும் கட்ட வருவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“ஏம்மா, விக்கல்னு போட்டிருக்கலாமே?” என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

“வரல சார்” என்றாள் சுமலதா.

சிரிப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது என்பது இளம்பரிதியின் எழுத்துமூலமான வாக்குமூலத்திலேயே இருந்தது. ஆகவே பரவாமல் தடுப்பது அவசியம் எனக் கருதி, பொதுநலன் கருதி, இருவருக்கும் இடமாறுதல் உத்தரவு தயாரானது. நம் அரசாங்கத்துக்குக் கையகலத்தில் நாலு ஊர் நாலு மூலையில் இருப்பது இதற்காகத்தான். இளம்பரிதி வடகிழக்கே தெலுங்கு பேசும் ஏனாமுக்கு. சுமலதா மேற்கே மலையாளம் பேசும் மாகேவுக்கு. ஆளுக்கொரு கடல்.

பலராமன் கையெழுத்துப் போட்டார். போட்ட நிமிடத்திலிருந்து உத்தரவு அமலுக்கு வந்தது. அதை டைப் அடித்துப் பிரதி எடுத்து அனுப்ப வேண்டும். பிரிவில் டைப் அடிப்பவள் சுமலதா. உத்தரவுப்படி அவள் மாகேயில் இருக்கிறாள். தபாலில் சேர்ப்பவன் இளம்பரிதி. அவன் ஏனாமில் இருக்கிறான். அவர்கள் இங்கே இல்லை என்று எழுதிய பேப்பரை அவர்களிடமே கொடுத்து அடிக்கச் சொல்வது முறைகேடு. வேறு ஆள் கேட்டு எழுதலாம் என்றால், அந்தக் கடிதத்தையும் யாராவது அடிக்க வேண்டும்.

அதனால் உத்தரவு பலராமனின் மேசையில் இருக்கிறது. இளம்பரிதியும் சுமலதாவும் தினமும் காலையில் ஒரே பைக்கில் ஆபீசுக்கு வருகிறார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லை; சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழரைக்கு மாமியார் வீட்டில் இருக்க வேண்டும் என்பதால் ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகிறார்கள். எதிரிலேயே அவர்கள் உட்கார்ந்திருந்தாலும் பலராமன் பார்க்காத மாதிரி இருக்கிறார். அவர்கள் அங்கே இல்லை என்று அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார் அல்லவா.

சென்ற மாதம் மேலிடத்துக்குப் போன இறுதி அறிக்கையைப் பலராமன் தன் கையாலேயே எழுதினார். அதன்படி அன்றைய விழாவுக்கு வந்திருந்த பொதுமக்கள் அனைவருக்கும் கொட்டாவி, விக்கல், பல்வலி, புரையேறல் ஆகியவை ஏற்பட்டன. இந்த ஊரில் சிரித்தவர்கள் இரண்டே பேர். அவர்களும் தற்போது இந்த ஊரில் இல்லை.